சுரங்கம் மூடிய நிலத்தைப் பறவைகளுக்குத் திருப்பிக் கொடுப்பது எப்படி: முதல் நடையிலிருந்து பறக்கும் குஞ்சு வரை

சுரங்கம் மூடியதும் முதலில் நடப்பது பெரும்பாலும் மரம் நடும் விழா. புல்டோசர் மேடு பள்ளங்களை வழித்துச் சமமாக்கும். சீக்கிரம் முளைக்கும் புல்லை விதைப்பார்கள். ஒரே இடைவெளியில் கன்றுகள் வரிசை கட்டி நிற்கும். ஐந்தாறு ஆண்டில் மேலிருந்து பார்த்தால் நிலம் பச்சையாகத் தெரியும். உள்ளே நடந்துபோனால் ஒரு சத்தமும் இருக்காது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. பறவைகள் வரும், பாடும், கூடும் கட்டும். ஆனால் தண்ணீரில் ஈயம் இருக்கும், அல்லது குஞ்சுக்குக் கொடுக்கப் புழு கிடைக்காது, அல்லது தரையில் இட்ட முட்டையை நாய் தின்றுவிடும். வேறு நல்ல இடத்துக்குப் போயிருக்க வேண்டிய பறவையை நாமே அழைத்து வந்து வீணாக்கிவிடுகிறோம். சூழலியலாளர்கள் இதைச் 'சூழல் பொறி' என்பார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் எத்தனை பறவை வந்தது என்பதைவிட, எத்தனை குஞ்சு பறந்து போனது என்ற கேள்விதான் ஒவ்வொரு படியிலும் திரும்பத் திரும்ப வரும்.

நிலக்கரி, சுண்ணாம்புக்கல், மணல், உலோகம் என எந்தச் சுரங்கமானாலும் படிகளின் வரிசை மாறாது. எந்தப் படியில் அதிக நாள் ஆகும் என்பதுதான் மாறும்.

படி 1: ஓராண்டு நடந்து பாருங்கள்

எதையும் தோண்டுவதற்கு முன், நடுவதற்கு முன், ஓராண்டு முழுக்க அந்த நிலத்தில் நடங்கள். எல்லாப் பருவத்திலும், விடியற்காலையிலும் அந்தியிலும். கைவிடப்பட்ட சுரங்கம் வெறும் நிலம் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. வெட்டிய மணல் சுவரில் மணல் தகைவிலான்களும் பஞ்சுருட்டான்களும் வளை தோண்டியிருக்கலாம். பாறை முகத்தில் பொரி வல்லூறோ கொம்பன் ஆந்தையோ குடியிருக்கலாம். மழைநீர் தேங்கிய குட்டையைச் சுற்றிய வெறும் சரளையில் உப்புக்கொத்தி முட்டையிட்டிருக்கலாம்.

இவை கற்பனை இல்லை. பட்டாணி உப்புக்கொத்தி பிரிட்டனில் முதன்முதலாகக் கூடு கட்டியது 1938-இல். அதன் பிறகு அது நாடெங்கும் பரவியதற்குப் பெரிய காரணம் சரளைக்கல் குழிகள். அங்கே அரிதிலும் அரிதாகவே வரும் பஞ்சுருட்டான் 2002-இல் கூடு கட்டக் கைவிடப்பட்ட ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியைத்தான் தேர்ந்தெடுத்தது. 'சீரமைப்பு' என்ற பெயரில் இப்படிப்பட்ட சுவர்களையும் சரளைத் திட்டுகளையும் மண் போட்டு மூடிய இடங்கள் ஏராளம்.

நடக்கும்போது ஒரு வரைபடம் தயாராக வேண்டும். செங்குத்துச் சுவர்கள், நீர் தேங்கும் இடங்கள், வெறும் தரை, தானாக முளைத்த புதர், பட்ட மரம் எல்லாவற்றையும் குறியுங்கள். எந்தப் பறவை எதைப் பயன்படுத்துகிறது என்பதை அதன் மேல் எழுதுங்கள். கூடவே, அதே வட்டாரத்தில் சுரங்கம் தொடாத நல்ல நிலம் ஒன்றைத் தேர்ந்து, அதையும் இதே முறையில் பதிவு செய்யுங்கள். பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் துணை.

சுரங்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் அதிர்ஷ்டம். இயந்திரங்களும் ஓட்டுநர்களும் அங்கேயே இருக்கும்போது ஒரு மேட்டை நகர்த்துவதும் ஒரு குளத்தின் கரையைச் சரிப்பதும் ஒரு நாள் வேலை. மூடிய பிறகு அதையே செய்ய இயந்திரத்தைத் தனியாக வரவழைத்து, தனியாகச் செலவழிக்க வேண்டும். மூடல் திட்டம் எழுதப்படும் கட்டத்திலேயே உள்ளே நுழையப் பாருங்கள்.

படி 2: நஞ்சு இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட்டால் மற்றப் படிகள் அத்தனையும் பாழ்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பியூட் என்ற ஊரில் பெர்க்லி குழி என்ற பெரிய செப்புச் சுரங்கம் உண்டு. 1982-இல் நீரிறைக்கும் பம்புகளை நிறுத்தியதும் நிலத்தடி நீர் ஏறி, குழி ஏரியானது. சுவரிலுள்ள தாதுவிலிருந்து அமிலமும் செம்பும் மற்ற உலோகங்களும் அதில் கரைந்தன. 1995-இல் வலசை வந்த பனி வாத்துகள் அதில் இறங்கின. 342 வாத்துகள் செத்துக் கிடந்தன. அதன் பிறகு பறவைகளை விரட்டக் காவல் ஏற்பாடு வந்தது. இருந்தும் 2016 நவம்பர் இறுதியில் ஒரு பனிப்புயலுக்கு ஒதுங்கிப் பெருங்கூட்டமாக வாத்துகள் இறங்கியபோது 3,000-க்கும் மேற்பட்டவை இறந்தன. மேலே பறக்கும் வாத்துக்கு நீர்ப்பரப்பு தெரியும். அதன் அமிலத்தன்மை தெரியாது.

அமிலம் எப்படி வருகிறது? நிலத்துக்கடியில் காற்றுப் படாமல் கிடந்த பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் வெளியே வந்து, காற்றும் நீரும் பட்டதும் கந்தக அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் பாறையிலுள்ள மற்ற உலோகங்களையும் கரைத்து இழுத்துவருகிறது. ஓடையில் ஆரஞ்சு நிறத்தில் இரும்புப் படிவு தெரிந்தால் அங்கே இது நடக்கிறது என்று பொருள். ஆனால் தெளிவாகக் கண்ணாடி போலிருக்கும் நீரையும் நம்பாதீர்கள். மிகுந்த அமில நீரில் பாசியும் பூச்சியும் வாழாததால்கூட அது அப்படித் தெளிந்திருக்கலாம்.

சோதிக்க வேண்டியவை: மண், நீர், குளத்தடிச் சேறு, அங்கே முளைத்த செடி, அங்கே வாழும் பூச்சி. கடைசி மூன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள். பறவையின் வயிற்றுக்குள் போவது அவைதான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கோர் டலேன் ஆற்றுப் படுகையில் பழைய சுரங்கங்களிலிருந்து வந்த ஈயம் சேற்றில் படிந்துகிடக்கிறது. நீர்ச்செடிகளின் கிழங்கைத் தோண்டித் தின்னும் துந்திரா அன்னங்கள் கிழங்கோடு சேற்றையும் விழுங்கி, ஈய நஞ்சேறிச் சாகின்றன. நீரை மட்டும் சோதித்தால் இந்த ஆபத்தின் அளவு தெரியவே தெரியாது.

செலினியம் என்ற தனிமத்தைத் தனியாகப் பாருங்கள். சில நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடுகளிலிருந்து அது கசிகிறது. நீரில் மிகக் குறைந்த அளவில் இருந்தாலும் பாசி, பூச்சி, மீன் என்று ஏறஏறச் செறிந்து, முட்டைக்குள் இருக்கும் கருவைச் சிதைக்கும். 1983-இல் கலிபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் கண்ணும் காலும் இல்லாத நீர்ப்பறவைக் குஞ்சுகள் கண்டுபிடிக்கப்பட்டபோதுதான் உலகம் இதைக் கவனித்தது. அங்கே செலினியம் வந்தது வேளாண் வடிகால் நீரில். ஆனால் கருவைச் சிதைக்கும் விதத்தில் வேறுபாடு இல்லை. தாய்ப்பறவை நலமாகத் தெரியும். கூட்டை எட்டிப் பார்த்தால்தான் உண்மை புரியும்.

தங்கச் சுரங்கமாக இருந்தால், தாதுவிலிருந்து தங்கத்தைப் பிரிக்கப் பயன்படும் சயனைடு, மிஞ்சிய கசடு தேங்கும் குளத்தில் எவ்வளவு இருக்கிறது என்றும் அளக்க வேண்டும். சர்வதேச சயனைடு மேலாண்மை நெறிமுறை, திறந்த நீரில் மென்மையான அமிலத்திலேயே பிரியும் வகைச் சயனைடு லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரையறுக்கிறது.

முடிவு மோசமாக வந்தால் என்ன செய்வது? நச்சுக் கழிவைக் களிமண் போன்ற நீர் புகா அடுக்கால் மூடி, அதன் மேல் நல்ல மண் போடலாம். அமில நீரைச் சுண்ணாம்புக்கல் வழியாகவும் அதற்கென்றே அமைத்த சதுப்பு வழியாகவும் விட்டு மெல்லத் தணிக்கலாம். ஆனால் அப்படிச் சுத்திகரிக்கும் சதுப்பே உலோகத்தைச் சேர்த்துவைக்கும் இடம் என்பதை மறக்கக் கூடாது. அதைப் பறவைச் சதுப்பாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

சுத்தமாக்கவே முடியாத நீர் என்றால் அதைப் பறவைக்குப் பிடிக்காத இடமாக வைத்திருங்கள். கரை செங்குத்தாக இருக்கட்டும், தீவு வேண்டாம், ஆழமில்லாத ஓரம் வேண்டாம், நாணல் வேண்டாம். சிறிய குளமென்றால் வலை போடுங்கள். அதோடு, பக்கத்தில் தூய்மையான நீர்நிலை ஒன்றைக் கவர்ச்சியாக அமையுங்கள். ஐடஹோவில் மாசு குறைந்த விளைநிலத்தைச் சதுப்பாக மாற்றி, அன்னங்களுக்குப் பாதுகாப்பான இரைநிலம் கொடுத்தது இந்த வழியில்தான்.

படி 3: எந்தப் பறவைக்காக என்று முடிவெடுங்கள்

'எல்லாப் பறவைகளுக்கும்' என்று பதில் சொல்ல எல்லாருக்கும் ஆசைதான். அப்படித் தொடங்கிய திட்டம் பெரும்பாலும் எங்கும் வாழும் நாலைந்து இனங்களோடு முடிந்துவிடுகிறது. மைனாவுக்கும் காகத்துக்கும் நம் உதவி தேவையில்லை.

சுற்றிலும் சில கிலோமீட்டர் தூரம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். காட்டின் நடுவே குடைந்த சுரங்கம் என்றால் காட்டைத் திரும்பக் கொண்டுவருவதே பெரும்பாலும் சரி. புல்வெளிப் பறவைகள் பல, மர ஓரத்தை அண்டவே அஞ்சும். காட்டுக்குள் கைக்குட்டை அளவு புல்வெளி அமைத்தால் அவை வராது. மாறாக, சுற்றுவட்டாரத்தில் புல்வெளியே அற்றுப்போன இடம் என்றால், மரமே நடாமல் விடுவதுதான் பெரிய உதவி. அமெரிக்காவின் இந்தியானா, ஒஹாயோ மாநிலங்களில் சீரமைத்த நிலக்கரிச் சுரங்கங்களின் விரிந்த புல்வெளி, எண்ணிக்கை சரிந்துவந்த ஹென்ஸ்லோ சிட்டுக்கு முக்கியமான கூட்டிடமாகிவிட்டது. அங்கே யாராவது நல்லெண்ணத்தோடு மரம் நட்டால் அந்தச் சிட்டு வெளியேற வேண்டியதுதான்.

ஒரே காட்டுக்குள்ளும் வயது கணக்கு உண்டு. அமெரிக்காவின் கிழக்கிலுள்ள அப்பலாச்சிய மலைகளில் பொன்சிறகு வார்ப்ளர் என்ற குருவி, இளமரமும் புதரும் புல்லும் கலந்த இடத்தில் கூடு கட்டும். பக்கத்தில் முதிர்ந்த காடும் இருக்க வேண்டும். செருலியன் வார்ப்ளருக்கோ உயர்ந்து முதிர்ந்த மரங்கள் வேண்டும். ஒன்றுக்குப் பத்தாண்டில் வீடு தயாராகும். மற்றதற்கு வேலை தொடங்குபவர் அந்த வீட்டைப் பார்க்காமலே போகலாம்.

இரண்டு அல்லது மூன்று இனங்களைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: எதில் கூடு கட்டும்? குஞ்சுக்கு எதைக் கொடுக்கும்? எங்கே ஒளியும்? கூட்டுக் காலம் தவிர்த்த மாதங்களில் எதைத் தின்னும்? பதில் எழுத முடியாத இடம்தான் உங்கள் திட்டத்தின் ஓட்டை.

படி 4: நிலத்தின் வடிவம்

சுரங்கம் மேடும் பள்ளமும் சுவரும் குழியுமாக விட்டுப்போகிறது. அந்த ஏற்றத்தாழ்வை அழகாக வழித்தெடுக்கும் ஆசையை அடக்குங்கள். சரியக்கூடிய இடத்தைச் சரிசெய்தே தீர வேண்டும், அதில் சமரசம் இல்லை. குறிப்பாக நிலத்தடி நீர் மீண்டும் ஏறும்போது தளர்ந்த கழிவு மண் திடீரென நகரும். பொறியாளர் கையெழுத்திட்ட பிறகே மனிதர்களை உள்ளே விடுங்கள். உறுதியான சுவர்களை அப்படியே விடலாம்.

மணல் சுவர் ஒன்றை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் சில விவரங்கள் முக்கியம். மணல் தகைவிலான் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை உள்ளே வளை தோண்டும். சுவர் செங்குத்தாக, குறைந்தது இரண்டு மீட்டர் உயரமாக, அடியில் சரிவு மண் குவியாமல் இருக்க வேண்டும். குவிந்த மண்மேல் ஏறிப் பாம்பும் கீரியும் நரியும் வளையை எட்டிவிடும். முன்னால் மரமின்றித் திறந்த வெளி வேண்டும், பக்கத்தில் நீர் இருந்தால் இன்னும் நல்லது. மணல் விரலால் தோண்டும் அளவு மென்மையாகவும், தோண்டிய பின் இடிந்து விழாத அளவு பிடிப்பாகவும் இருக்க வேண்டும்.

தரையில் முட்டையிடும் பறவைகளுக்கு வேலை எளிது: சரளை பரப்பிய வெறும் திட்டுகள், களை எட்டிப் பார்க்காதபடி சத்தில்லாத அடிமண்ணோடு. இங்கே மேல்மண் போடாதீர்கள்.

படி 5: மண்

மரமோ புல்லோ பிழைக்காததற்குப் பலர் நீரைக் குறை சொல்வார்கள். உண்மையான குற்றவாளி பெரும்பாலும் இறுகிய மண். கனரக வண்டிகள் ஏறியிறங்கிய நிலம் கான்கிரீட் போலாகிவிடுகிறது. கடப்பாரை இறங்கவில்லை என்றால் வேரும் இறங்காது.

அமெரிக்கா இதை நீண்ட காலம் எடுத்துக் கற்றுக்கொண்டது. 1977-இல் வந்த திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கச் சட்டம், நிலத்தைப் பழைய வடிவுக்குக் கொண்டுவரச் சொன்னது. மண்சரிவைத் தடுக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனால் அதற்காக மண்ணை அழுத்தித் தட்டி, அடர்ந்த அயல்நாட்டுப் புல்லை விதைத்தார்கள். அப்பலாச்சியாவில் காடாக இருந்த இடங்கள் பல பதிற்றாண்டுகள் புல்லும் புதருமாகவே தேங்கிப்போயின. பின்னர் 2004-இல் தொடங்கிய அப்பலாச்சிய மீள்காடாக்க முயற்சி வேறு வழியைப் பரப்பியது: வேர் பரவ ஏற்ற மண்ணைக் குறைந்தது 1.2 மீட்டர் ஆழத்துக்குப் போடுங்கள், மேலே வண்டியை ஓட்டாமல் தளர்வாக விடுங்கள், மரத்தோடு போட்டியிடாத மெல்லிய புல்லை மட்டும் விதைத்து, மண்ணையும் வனவிலங்கையும் தாங்க முதலில் வளரும் மரம், பின்னாளில் வணிக மதிப்புத் தரும் மரம் என இரண்டு வகையையும் கலந்து நடுங்கள். பார்க்க அலங்கோலமாக இருக்கும். ஆனால் அந்த மேடு பள்ளத்தில்தான் மழைநீர் நின்று ஊறும்.

ஏற்கெனவே இறுகிப்போன நிலம் என்றால், மண் உலர்ந்திருக்கும்போது கொக்கிக் கலப்பையால் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கிழியுங்கள், சரிவுக்குக் குறுக்காக. ஈரத்தில் கிழித்தால் மண் பிளக்காது, மெழுகு போல் வழுக்கி மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

மேல்மண்ணைப் பொக்கிஷமாக நினையுங்கள். விதைகளில் பெரும்பகுதியும் வேரோடு உறவாடும் பூஞ்சைகளும் மேலே ஒரு சாண் ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. அதைச் சுரண்டி நேராக இன்னொரு சீரமைப்பு இடத்தில் பரப்புவது மிகச் சிறந்தது. குவித்தே தீர வேண்டுமென்றால் இரண்டு மீட்டர் உயரத்துக்கு மேல் குவிக்காமல், சில மாதங்களுக்குள் எடுத்துப் பயன்படுத்துங்கள். பெரிய குவியலின் நடுவில் காற்றில்லாமல் உயிரெல்லாம் செத்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாரா என்ற யூகலிப்டஸ் வகை மரங்கள் நிறைந்த காடுகளில், பாக்சைட் என்ற அலுமினியத் தாது வெட்டிய இடங்களில் செடி வகைகள் ஏராளமாகத் திரும்ப முளைத்ததற்கு, புது மேல்மண்ணை உடனுக்குடன் பரப்பியதுதான் அடிப்படை.

படி 6: நீர்

சுரங்கக் குழி ஏரி இயல்பில் பறவைக்கு ஏற்றதில்லை. ஆழம் அதிகம், கரை செங்குத்து, ஓரத்தில் செடி கிடையாது. நீர்ப்பறவை வாழ்க்கை கணுக்கால் முதல் முழங்கால் ஆழத்தில்தான் நடக்கிறது. உள்ளான்கள் ஒரு சாணுக்கும் குறைந்த நீரில் நடந்து இரை தேடும். தலைகீழாகக் கவிழ்ந்து மேயும் வாத்துகளுக்கு முப்பது சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் ஆழம் முக்குளிப்பான்களுக்கும் மூழ்கும் வாத்துகளுக்கும்.

எனவே குழியின் ஒரு பக்கக் கரையையாவது மிக மெதுவான சரிவாக வெட்டுங்கள். கரைக்கோடு நெளிந்து வளைந்து போகட்டும். ஒரே பரப்பளவில் நெளிந்த கரைக்குத்தான் அதிக ஓரம். தீவுகள் தாழ்வாக, ஓரம் சரிவாக இருக்கட்டும், குஞ்சு ஏறி இறங்கும்படி. நரி, நாய் நீந்தி வராதபடி சுற்றிலும் ஆழம் விடுங்கள். முடிந்தால் நீர்மட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு மதகு வையுங்கள். பருவத்துக்கு ஒருமுறை நீரை வடித்துச் சேற்றை வெளியே காட்டினால் வலசைப் பறவைகளுக்கு விருந்து. ஆனால் கூட்டுக் காலத்தில் மட்டத்தை அசைக்காதீர்கள். ஏறினால் முட்டை மூழ்கும், இறங்கினால் தரைவழியே எதிரி வரும்.

மீன் விடுவதில் நிதானம் வேண்டும். கெண்டை வகைகள் அடியைக் கிளறிச் செடியைப் பிடுங்கி நீரைக் கலக்கும். வாத்துக் குஞ்சுக்கு வேண்டிய பூச்சிகளையும் மீன் தின்றுவிடும். ஒரு குளத்தில் மீன் இருக்கட்டும், இன்னொன்றில் இல்லாமல் இருக்கட்டும்.

நம்பிக்கை தரும் உதாரணம் இங்கிலாந்தின் சாமர்செட்டில் இருக்கிறது. கரி மண் (சதுப்பில் மக்கிய செடிகளாலான மண்) வெட்டித் தீர்ந்த குழிகளை நாணற்காடாக மாற்றினார்கள். ஹாம் வால் அவற்றில் ஒன்று. நாணலுக்குள் ஒளிந்து வாழும் பிட்டெர்ன் என்ற குருகு, 1997-இல் பிரிட்டன் முழுவதிலும் குரலெழுப்பும் ஆண்கள் 11 மட்டுமே என்ற நிலைக்கு வந்திருந்தது. நாணற்காடுகளைப் பழுதுபார்த்தும் புதிதாக அமைத்தும் போனதில், இன்று அந்த எண்ணிக்கை 200-ஐத் தாண்டிவிட்டது. அதில் சாமர்செட்டின் பழைய கரிக்குழிகளுக்குப் பெரும் பங்கு. யார்க்‌ஷயரில் செயின்ட் எய்டன்ஸ் என்ற திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் 1988-இல் ஆற்று வெள்ளம் உடைத்துப் புகுந்து மூழ்கியது. மிச்ச நிலக்கரியை எடுத்து முடித்த பின் அந்த இடம் இப்போது நாணலும் ஈரப் புல்வெளியுமாகக் குருகுக்கும் கருங்கழுத்து முக்குளிப்பானுக்கும் கூட்டிடம்.

படி 7: நடவு

இங்கே மரத்தை மறந்துவிட்டுப் புழுவை நினையுங்கள். தானியம் தின்னும் பறவைகூடப் பெரும்பாலும் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும். கரோலினா சிக்கடீ என்ற சிறு குருவி, ஒரு கூட்டுக் குஞ்சுகளை வளர்த்தெடுக்க 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை பிடிக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் புழுக்கள் எந்த இலையைத் தின்னும்? அந்த மண்ணுக்கே உரிய மரம், புதர், பூண்டுகளின் இலையை. அயல் மரத்தில் நிழல் உண்டு, புழு குறைவு.

எனவே உள்ளூர் விதை, உள்ளூர் வகை. பழம் தருபவற்றைக் கலக்கும்போது, ஆண்டின் எந்த மாதமும் ஏதாவது ஒன்று பழுத்திருக்கும்படி ஒரு நாட்காட்டி போட்டுத் தேர்ந்தெடுங்கள். எல்லா இடத்திலும் நடாமல் தீவு தீவாக அடர்த்தியாக நட்டு இடைவெளி விடுங்கள். தீவுகள் விதை பரப்பி தாமே விரியும். செலவும் குறையும், திறந்த வெளியும் புதரும் மரமும் கலந்த ஓரங்கள் இயல்பாக உருவாகும்.

பறவைகளையே வேலைக்கு அழைக்கவும் ஒரு வழி உண்டு. ஃப்ளோரிடாவில் பாஸ்பேட் வெட்டிய நிலத்தில் நடந்து 1993-இல் வெளியான ஆய்வு ஒன்று, வெட்டவெளியில் உட்காரக் கொம்புகளை நட்டுவைத்தால் அவற்றின் அடியில் விழும் விதைகள் பல மடங்கு கூடுவதைக் காட்டியது. பழம் தின்ற பறவை வந்து உட்காரும், எச்சமிடும். ஆனால் கொம்பு மட்டும் போதாது; விழுந்த விதை முளைக்க அடியில் களையெடுத்த, இளகிய மண்ணும் வேண்டும். பழந்தின்னிப் பறவைகள் நிறைந்த காடு பக்கத்தில் இல்லாவிட்டால் இது பலிக்காது. பக்கத்தில் இருப்பது ஆக்கிரமிப்புச் செடி என்றால் அதன் விதைதான் விழும்.

ஆக்கிரமிப்புச் செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சீமைக்கருவேலம், உண்ணிச்செடி போன்றவை சுரங்க நிலத்தை முதலில் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிடுங்கினால் அதில் கூடு கட்டிவரும் பறவைகள் ஒரே பருவத்தில் வீடிழக்கும். பகுதி பகுதியாக அகற்றி, அகற்றிய இடத்தில் மாற்று வளர்ந்த பிறகு அடுத்த பகுதிக்குப் போங்கள். குருகிராமில் கல் வெட்டிய நிலத்தில் உருவான ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவில் சீமைக்கருவேலத்தின் இடத்தில் ஆரவல்லிக்கே உரிய மரங்களைக் கொண்டுவந்ததை, நிலத்துக்குரிய செடியைத் தேடிப் போவதற்கான உதாரணமாகச் சொல்லலாம்.

படி 8: காலம் மட்டுமே தரக்கூடியவை

மேற்கு ஆஸ்திரேலியாவில் மீட்டெடுத்த ஜாரா காட்டில், பத்தாண்டுகூட ஆகாத மரங்களிலேயே கருங்காக்கட்டூ என்னும் கிளிகள் இரை தேட வந்துவிட்டன. ஆனால் அவை முட்டையிடும் பொந்து அங்கே உருவாக நூறாண்டுக்கும் மேலாகும். இரை இருக்கிறது, வீடு இல்லை. எந்தக் காட்டு மீட்பிலும் இந்த இடைவெளி வரும்.

ஆகவே சுரங்க எல்லைக்குள் தப்பிப் பிழைத்த ஒவ்வொரு முதிய மரத்தையும், பட்ட மரத்தையும் வேலியடித்துக் காப்பாற்றுங்கள். வெட்டிய மரத்தண்டுகளை எரிக்காமல் குவியலாகப் போடுங்கள்; பூச்சி சேரும், தரைப்பறவை ஒளியும். பெரிய தண்டுகளைச் செங்குத்தாக நட்டும் வைக்கலாம். கூட்டுப் பெட்டி உதவும், ஆனால் அதை ஆண்டுதோறும் சுத்தம் செய்து பழுதுபார்க்க ஆள் இருந்தால் மட்டும். தேனீயும் அயல் மைனாவும் பிடித்துக்கொண்ட பெட்டி யாருக்கும் உதவாது.

படி 9: ஓரங்களும் தொந்தரவும்

இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவில் மட்டுமே கூடு கட்டும் கடற்பறவை அபட் பூபி. உயர்ந்த காட்டு மரங்களில் ஒரே ஒரு முட்டை இடும்; குஞ்சு தன் காலில் நிற்க ஓராண்டுக்கும் மேலாகும். பாஸ்பேட்டுக்காகக் காட்டில் வெட்டவெளிகள் உண்டானதும், அவற்றின் மேல் வீசும் காற்று சுழன்று பக்கத்துக் காட்டிலுள்ள கூடுகளைப் பாதித்தது. மரத்தை வெட்டாத இடத்திலும் குஞ்சுகள் விழுந்தன. அதனால் அங்கே மீட்பு வேலை, கூடுகளுக்கு அருகிலுள்ள வெட்டவெளிகளை மூடுவதற்கு முன்னுரிமை கொடுத்தது. உங்கள் நிலத்திலும் எந்தத் துண்டை முதலில் மீட்க வேண்டும் என்பதைப் பக்கத்து நிலத்தின் கூடுகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மற்றவை சுருக்கமாக. பாதைகளைக் கூட்டுத் தீவிலிருந்து விலக்கிப் போடுங்கள். நாய், பூனை நுழையாமல் வேலி வேண்டும். மின்கம்பிகள் நீர்நிலைக்குக் குறுக்கே போனால் கண்ணில் படும் குறிகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். இரவு விளக்கு வேண்டாம்.

படி 10: எண்ணுவது, பிறகு பராமரிப்பது

நிலையான புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, விடிந்ததும் ஒவ்வொரு புள்ளியிலும் பத்து நிமிடம் நின்று, குறித்த தூரத்துக்குள் கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள். ஒப்பிடத் தேர்ந்த நல்ல நிலத்திலும் அதே நாட்களில் அதே முறை. இதற்கு நான்கைந்து பேர் போதும். பெரிய நிலத்தில் ஒலிப்பதிவுக் கருவிகள் துணைக்கு வரும்.

அதோடு நிறுத்தாதீர்கள். தேர்ந்தெடுத்த இனங்களின் கூடுகளில் சிலவற்றைத் தூரத்திலிருந்து தொடர்ந்து கவனியுங்கள். எத்தனை முட்டை, எத்தனை பொரித்தது, எத்தனை பறந்தது, இழந்தவை எதனால். மூன்று பருவம் தொடர்ந்து குஞ்சு தேறாத இனம் இருந்தால், அந்த இடத்துக்கு அதை இனியும் கவர்ந்திழுக்கலாமா என்று நேர்மையாக யோசியுங்கள். மீண்டும் சேற்றையும் பூச்சியையும் சோதிக்க அனுப்புங்கள். மூடிய கழிவு அடுக்கில் விரிசல் விட்டிருக்கலாம்.

பராமரிப்புக்கான பணத்தைத் தொடக்கத்திலேயே தனியாக ஒதுக்குங்கள். இயற்கை தானாகப் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு முதிர்ந்த காட்டுக்கு ஓரளவு பொருந்தும், மற்றவற்றுக்குப் பொருந்தாது. புல்வெளியை மேய்ச்சலோ அறுப்போ இல்லாமல் விட்டால் புதராகிவிடும். அறுப்பதும் கூட்டுக் காலம் முடிந்த பிறகுதான், பகுதி பகுதியாகத்தான். நாணல் தன் சருகாலேயே குளத்தைத் தூர்த்துவிடும், எனவே சுழற்சி முறையில் வெட்டி வெளியே எடுக்க வேண்டும். சரளைத் திட்டில் முளைக்கும் களையை ஆண்டுக்கு ஒருமுறை உழுது புரட்ட வேண்டும்.

மணல் சுவர் மழையில் சரியும். போன ஆண்டின் வளைகளில் உண்ணியும் தெள்ளும் குடியிருக்கும். தகைவிலான்கள் திரும்பி வருவதற்குச் சில வாரம் முன்னதாக, பொக்லைன் ஓட்டுபவரிடம் சொல்லி அடியில் சேர்ந்த மண்ணை வாரி, சுவரின் முகத்தை ஒரு மீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாகச் செதுக்கி வையுங்கள். புது வளையை அவை தாமே தோண்டிக்கொள்ளும்.